லண்டன் உரிமமும் செம்பாக்கம் பணமும்

குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று சத்யபிரியாவுக்குத் தெரியாது. கையிலிருந்த போனில், 'பணம் எடுக்கும் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்ற வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக அதே வரிதான். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள். அந்தப் பணம் முழுவதும் அவள் முதலீடு செய்த ஒரு கடன் செயலிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. கணவரிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், கேளம்பாக்கத்தில் அவள் பார்க்கும் வேலையே இதுதான். முகம் தெரியாதவர்களிடம் நிதி திரட்டும் தளங்களுக்கும், கடன் கொடுப்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்கும் செயலிகளுக்கும் எந்த நாட்டில் என்ன சட்டம் என்று ஒப்பிட்டு எழுதுவாள். பிரிட்டனில் இந்தத் தளங்களுக்குப் புதிதாக வருகிறவர் தன் முதலீட்டுப் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போடக் கூடாது. சீனாவில் மோசடி பெருகி, கடன் தளங்கள் அத்தனையையும் இழுத்து மூடிவிட்டார்கள். இந்தியாவில் ரிசர்வ் வங்கியில் பதிவு செய்யாமல் நடத்தக் கூடாது, லாபத்துக்கு உத்தரவாதம் தரவும் கூடாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் 'மாதம் மூன்று சதவீதம் உறுதி' என்று அவள் குடியிருக்கும் செம்பாக்கம் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் வந்ததும், 'லண்டன் உரிமம்' என்ற முத்திரையைப் பார்த்து அப்படியே நம்பிவிட்டாள். படித்தவர்கள் கொஞ்சம் கௌரவமாக ஏமாறுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

போன் அடித்தது. செயலிக்காரன்.

"பயப்படாதீங்க மேடம். புது மெம்பர் ஒருத்தரைச் சேர்த்து விடுங்க. அவங்க பணம் ஏறின உடனே உங்க அமவுண்ட் ரிலீஸ் ஆயிடும்."

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் அழைப்பு மணி. போனை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். கீழ் வீட்டுத் தபீதாள். தாம்பரத்து ஏற்றுமதி கம்பெனியில் இருபது வருஷம் தையல் மிஷினோடு மல்லுக்கட்டி, போன மாதம்தான் ஓய்வு பெற்றவள். இந்தச் செயலியைப் பற்றி அவளிடம் பெருமையாகச் சொன்னதே சத்யபிரியாதான்.

"சத்யா, அந்த ஆப்ப என் போன்ல ஏத்திக் குடு. பி.எஃப். பணம் பேங்க்ல சும்மாதான கீது? நீ ஆபீஸ்ல இதையே படிக்கிற பொண்ணு, உன்ன நம்பித்தான் போடறேன்."

சத்யபிரியா மனசுக்குள் கணக்குப் போட்டாள். இந்த அக்கா பணம் போட்டால் போதும். கட்டணம் கட்டிவிடலாம், கணவருக்குத் தெரியவே வேண்டாம். போனை வாங்கினாள். செயலியும் இறங்கிவிட்டது. 'எவ்வளவு போடணும்' என்று கேட்க வாயெடுத்தபோதுதான் உறைத்தது. தன்னை ஏமாற்றியவன் தனக்குச் செய்ததைத்தான் இப்போது அவள் தபீதாளுக்குச் செய்யப் போனாள். அப்படியானால் அவனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்?

செயலியை அழித்தாள்.

"வேணாங்க்கா. என் பணமே போயிடுச்சு."

"இன்னாடி சொல்ற? லண்டன் லைசென்சுன்னியே!"

"அது நெஜமாவே இருந்தாலும் லண்டன்லதான்கா செல்லும். இங்க ரிசர்வ் பேங்க் லிஸ்ட்ல பேர் இருக்கணும். நேத்துதான் தேடிப் பார்த்தேன், இல்ல."

"அப்ப பொண்ணுக்கு ஃபீஸு?"

சத்யபிரியா உடைந்து அழுதாள். தபீதாள் உள்ளே போய், தீய்ந்த வாசனை வந்த அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அழுவறத அப்பால வெச்சுக்கலாம். யாருக்குப் போன் போட்டாலும் மொதல்ல ஆன்லைன் மோசடின்னா 1930, 1930ன்னு கத்தறாங்களே, அதுக்குப் போடு. அடுத்து உன் வூட்டுக்காரருக்கு."

இரண்டையும் செய்தாள் சத்யபிரியா. பணம் திரும்புமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. பிறகு அபார்ட்மெண்ட் குழுவில் எழுதினாள்.

"நான் ஏமாந்துவிட்டேன். எந்த நாட்டுச் சட்டமும் பணம் போடுவதற்கு முன் பார்த்தால்தான் நமக்குக் காவல். ரிசர்வ் வங்கிப் பட்டியலைப் பார்க்காமல் ஒரு ரூபாய் கூடப் போடாதீர்கள், போடச் சொல்வது நானாகவே இருந்தாலும்."