மரிகோ பார்த்த மீன்கள்

லாம்ப்ரோஸின் நாவல் எங்கள் தீவுக்கு வந்து சேர்ந்த வியாழக்கிழமை, மீன் விற்கும் மரிகோ பார்த்த மீன்களெல்லாம் கல்லாயின. முதலில் ஒரு கூடை மத்தி, பிறகு தராசில் கிடந்த கணவாய். லாம்ப்ரோஸ் ஏதென்ஸ்காரர். போன கோடை முழுக்கத் துறைமுகக் காப்பிக்கடையில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தவர். ஊரில் ஒருவர் விடாமல் பழங்கதைத் தேவர்களோடும் அரக்கர்களோடும் ஒப்பிட்டு எழுதியிருந்தார். மரிகோவுக்கு, 'பாம்புக்கூந்தல் மெதூசாவைப் போல, பார்த்தவரைக் கல்லாக்கும் கண்கள்' என்று ஒரு வரி. மீனுக்குப் பேரம் பேசிய லாம்ப்ரோஸை அவள் ஒருநாள் முறைத்ததற்குக் கிடைத்த கூலி அது.

ஊர் அதைக் கண்ணேறு என்றே முடிவு கட்டியது. பக்கத்து வீட்டு ஃபோதினி தண்ணீர்க் கிண்ணத்தில் எண்ணெய்ச் சொட்டு விட்டு, ஜெபம் முணுமுணுத்து, மூன்று தரம் துப்பினாள். பாதிரியார் சாம்பிராணி காட்டினார். இந்தப் பைத்தியக்காரத்தனத்தில் வசந்தகாலம் போயிற்று. இடையே படகுத்துறைப் பூனை ஒன்று கல்லாயிற்று. அதில் இப்போது படகுக் கயிறு கட்டுகிறார்கள். அதன்பின் மரிகோ கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டாள். ஆகஸ்டில் மகள் எவந்தியாவுக்குக் கல்யாணம். பெற்ற பெண்ணை மணக்கோலத்தில் பார்க்க முடியாது என்பதுதான் அவளை எரித்தது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் லாம்ப்ரோஸ் தன் நாவலுக்கான பாராட்டு விழாவுக்குக் கப்பலில் வந்து இறங்கினார். மரிகோ தடவித் தடவிப் போய் அவர் சட்டையைப் பிடித்தாள்.

"யோவ், என் கண்ணை என்னய்யா பண்ணி வெச்சிருக்க?"

"அது வெறும் உவமைம்மா. பெருமையாத்தானே சொன்னேன்."

"உன் பெருமையைக் கடல்ல கொண்டுபோய்க் கொட்டு! என்னைக் கேட்டா எழுதினே? மாத்து. இப்பவே மாத்து."

காப்பிக்கடை மேசையில் அவரை உட்கார வைத்தார்கள். தேன் போன்ற கண்கள் என்று எழுதினார். தேனீக்கள் வந்து அவள் முகத்தை மொய்த்தன. தானியத் தேவி தெமேத்தரைப் போன்றவள் என்றார். அவள் செருப்புக்குள் கோதுமை முளைத்தது.

"அடுத்த வரியில அறுவடைதான்" என்றான் படகோட்டி ஸ்தாத்திஸ்.

மரிகோ மேசையில் ஓங்கி அடித்தாள். "நான் எவளைப் போலவும் இல்லய்யா! நான் யாரோ, அதை எழுது."

லாம்ப்ரோஸுக்கு வியர்த்தது. உவமை இல்லாமல் ஒரு வரி எழுதி அவருக்குப் பழக்கமில்லை. பொழுது சாயும் நேரத்தில்தான் வந்தது: 'மரிகோ மீன் விற்கிறாள். அவளுக்கு ஒரு மகள்.'

எவந்தியா தாயின் எதிரே வந்து நின்று கண்கட்டை அவிழ்க்கப் போனாள்.

"தள்ளிப் போடி, சனியனே!"

"போக மாட்டேம்மா. பாரு."

கட்டு அவிழ்ந்தது. மரிகோ பார்த்தாள். எவந்தியா எவந்தியாவாகவே நின்றாள். மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டாள்.

இரண்டாம் பதிப்பு அந்த வரியோடு வந்தது. அந்த இடம் சப்பென்றிருப்பதாக ஏதென்ஸ் பத்திரிகைகள் எழுதின. லாம்ப்ரோஸுக்கு மரிகோ இன்றுவரை ஒரு மத்திகூட விற்பதில்லை. முதற்பதிப்பை அலமாரியில் வைத்திருக்கும் வீடுகளுக்குள் மட்டும் அவள் கண்ணை மூடிக்கொண்டு நுழைகிறாள். வீட்டுக்காரர்கள் மீனை வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்துப் படியிறக்கிவிடுகிறார்கள்.