மருதப்பனுக்கான பாரம்

விநாயகம் செட்டியார், அவர் மனைவி நாச்சியம்மை, உறை மோர் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக் கமலவேணி: மலாயாவின் கஜா பெராங் தெரு வீட்டில் இந்த மூவரும் பார்த்துக்கொண்டிருக்கையில்தான், 1957 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மகள் மெய்யம்மை பறவையாகவும் மகன் மருதப்பன் எலியாகவும் மாறினார்கள். அன்று வெயில் சுமார்.

மூன்றாம் நாள் வனவிலங்குத் துறை எழுத்தர் பொன்னுதுரை வந்து இருவரையும் வகைப்படுத்தினார். மெய்யம்மை குண்டுக்கரிச்சான், மலாய்க்காரர்கள் முராய் என்பது. பாடும் பறவை இனம், ஊரெங்கும் ஏராளம், ஆனாலும் காப்புப் பட்டியலில் இருப்பதால் யாரும் தொடக்கூடாது. மருதப்பன் பாலூட்டி, கொறிக்கும் இனம். நீண்ட பின்னங்கால்களில் தத்தும் பாலைவன எலி. மலாயா முழுவதற்கும் அவன் ஒருவனே. இந்த மண்ணுக்குரியவன் அல்லாததால் எந்தப் பட்டியலிலும் இல்லை. தன் வயிற்றில் பிறந்த இருவரில், பெருகிக் கிடப்பதற்குக் காவல் உண்டு, ஒற்றையாய் நிற்பதற்கு இல்லை என்பது நாச்சியம்மைக்கு உடனே விளங்கிவிட்டது.

"வழி இருக்குங்க ஐயா. இந்தப் பாரத்துல வளர்ப்புப் பிராணின்னு எழுதி, உரிமையாளர்னு சைன் போடுங்க. பிறகு ஒருத்தனும் தொட முடியாது" என்றார் பொன்னுதுரை.

மணமான ஆண்மகன் குலக்கோயிலில் ஒரு புள்ளியாக, தனிக் குடும்பமாக, பதிவாவான். மருதப்பனுக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"புள்ளியா ஏறவேண்டியவனைப் பிராணின்னு நானே எழுதித் தரவா? மகன்னு எழுதும், போடுறேன்" என்றார் செட்டியார்.

"மகனுக்குக் கட்டம் இல்லைங்களே."

"ஆச்சி, பொண்ணு வீட்டுக்காரங்க வந்தா கூண்டைத் திறந்தா காட்டுவீங்க?" என்றாள் கமலவேணி. யாரும் சிரிக்கவில்லை.

நாச்சியம்மை பேனாவை எடுத்தாள். செட்டியார் பார்த்தார். வைத்துவிட்டாள்.

ஆகஸ்டு இருபத்தெட்டாம் தேதி, விடுதலை நாளுக்காகத் தெருக்களைச் சுத்தப்படுத்தி எலி பிடித்துவந்த நகரசபைக் கூலியாட்கள் வீட்டுக்கு வந்து, வளர்ப்புப் பிராணிச் சீட்டு எங்கே என்று கேட்டார்கள். செட்டியார் நிமிர்ந்து நின்று, "அவன் என் மகன்" என்றார். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, மருதப்பனைச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார்கள். நாச்சியம்மை பத்து பெரெண்டாம் என்ற ஊரில் எலிகளைக் கொட்டும் குழிவரை வெறுங்காலோடு பின்னால் நடந்தாள். செத்துக் கிடந்த நூற்றுக்கணக்கான எலிகளில், நீண்ட கால்களை வைத்து அவனை அடையாளம் கண்டு, முந்தானையில் எடுத்து வந்து கொல்லையில் புதைத்தாள். மெய்யம்மை பதினோராண்டு அந்த வீட்டிலேயே பாடிக்கொண்டிருந்தாள். விருந்தாளிகள் அவளை நலம் விசாரித்த பிறகே உட்கார்ந்தார்கள்.

செட்டியார் கடைசியில் மனமிரங்கிப் பாரத்தில் கையெழுத்துப் போட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. தவறு. அந்தக் கையெழுத்து நாச்சியம்மையுடையது. புதைத்த ஆறாம் நாள் போட்டாள்.