மூன்றாவது பாட்டு

எங்கள் பேக்கரி ஆட்களை இசை விழாவுக்குக் கூட்டிக்கொண்டு போவதைப் போன்ற மடத்தனம் வேறு கிடையாது. ஊரே குறட்டை விடும் நேரத்தில் மாவு பிசைகிறவர்கள் நாங்கள். மத்தியானம் வந்துவிட்டால் எங்களுக்கு அதுதான் நடுச்சாமம். இருந்த இடத்திலேயே கண் சொக்கிவிடும். கேக்குக்குப் பூ வைக்கிற கேக்கம்மா ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடியே தூங்கிப்போனாள். டாக்டர் வேலையை முடித்து எழுப்பியபோது, "அதுக்குள்ளயா?" என்று கோபித்துக்கொண்டாளாம்.

ஆனாலும் போனோம். என் தம்பி மேடை ஏறுகிறான் என்றால் போகாமல் இருக்க முடியுமா? முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி சனி, ஞாயிறு லீவு வாங்கினேன். நான், கேக்கம்மா, கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோய்ப் போடுகிற ஹாரன், அடுப்பைப் பார்த்துக்கொள்கிற அடுப்பண்ணன் என்று நாலு பேரும் ரொட்டி வண்டியிலேயே கிளம்பினோம். ஹாரனுக்கு அந்தப் பெயர் வண்டியால் வந்ததல்ல, அவன் தொண்டையால் வந்தது.

தம்பி செல்போன் கடையில் உடைந்த கண்ணாடி மாற்றுகிறான். பாட்டு அவனே எழுதுவான், அவனே மெட்டுப் போடுவான். ஆனால் நாலு பேர் எதிரில் நின்றால் சொந்த வரியே அவனுக்கு அந்நியமாகிவிடும். முதல் வார்த்தை மட்டும் கிடைத்துவிட்டால் போதும், மீதி தானாக வரும். அந்த முதல் வார்த்தையை எடுத்துக் கொடுப்பது என் வேலை. சத்தம் வராமல், உதட்டை மட்டும் அசைப்பேன். பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் ஆரம்பித்த பழக்கம். இப்போது தினமும் அவன் கடை திறப்பதற்கு முன்னால் எங்கள் பேக்கரியின் பின்கட்டுக்கு கிட்டாரோடு வந்துவிடுவான். மாவு மூட்டைகளுக்கு நடுவே நின்று அவன் பாட, நான் மாவை எடை போட்டு உருட்டிக்கொண்டே வரிக்கு வரி வாயசைப்பேன்.

"அவ இல்லேன்னா இவன் ஊமைதான்" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அதைக் கேட்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். அவனுக்கு எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே எங்கள் லட்சணம் தெரிந்துவிட்டது. பெரிய மேடையில் டிரம்ஸ் அடித்த அடியில் கூடாரத்துத் துணியே அதிர்ந்தது. நாங்கள் நாலு பேரும் அதற்குள் செத்த பிணம் மாதிரி தூங்கினோம். விடிவதற்கு முன்பே வழக்கம்போல விழிப்பு வந்துவிட்டது. மைதானம் முழுக்க ஜனம் அசந்து கிடக்க, நாங்கள் மட்டும் பல் தேய்த்து, தலை சீவி, வேலைக்குப் போகிறவர்கள் போல உட்கார்ந்திருந்தோம்.

முன்பே வந்து பாட்டுக்காரர்களோடு தங்கியிருந்த தம்பி காலையில் டீயோடு வந்தான்.

"நேத்து பெரிய குழு பாடினாங்களே, கேட்டீங்களா?"

"கேட்டோமே. அடுப்பண்ணனோட குறட்டை நடுவுல ரெண்டு மூணு சத்தம் கேட்டுது" என்றாள் கேக்கம்மா.

அவன் சிரித்தான். ஆனால் சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, எனக்கு மத்தியானம் நேரம் குடுத்திருக்காங்க. சாப்பாட்டுக்கு அப்புறம்."

"சரி, அதுக்கென்ன?"

"அது நீ தூங்கற நேரம்க்கா. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. நாலு பாட்டையும் ஒரு பேப்பர்ல எழுதி கால்கிட்ட ஒட்டி வச்சுக்கறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பேப்பரா? பேப்பரைப் பாத்துப் பாடறவனெல்லாம் ஒரு பாட்டுக்காரனா? நான் எதுக்குடா இருக்கேன், குத்துக்கல்லாட்டம்? கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு முன்னாடி உக்காந்திருப்பேன். நீ போய் தொண்டைய கவனி."

"நிச்சயமாத்தானே?"

"போடா!"

அவன் பேப்பர் எழுதவில்லை. என்னை நம்பித்தான் எழுதவில்லை.

அவனுக்குக் கொடுத்திருந்தது சின்ன மேடை, மரங்களுக்கு அடியில். அவனுக்கு முன்னால் ஒருவர் புல்லாங்குழல் வாசித்தார். புல்தரையில் முன்வரிசையில் இடம் பிடித்து நானும் கேக்கம்மாவும் ஹாரனும் உட்கார்ந்தோம். ஓரத்தில் ரொட்டிக் கடை ஒன்று போட்டிருந்தார்கள். அடுத்தவன் ரொட்டியில் குறை கண்டுபிடிக்காமல் அடுப்பண்ணனால் இருக்க முடியாது, அங்கே போய்விட்டார். வயிறு நிறைந்திருந்தது. இலைகளுக்கு இடையே வெயில் இதமாக இறங்கியது. அந்தப் புல்லாங்குழல்காரர் மட்டும் என் கையில் கிடைத்தால்! தொட்டில் ஆட்டுகிற மாதிரி வாசித்தார் மனிதர். நான் தொடையைக் கிள்ளிக்கொண்டேன். தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டேன்.

தம்பி மேடைக்கு வந்தான். கூட்டத்தில் என் முகத்தைத் தேடிப் பிடித்ததும் அவன் தோளின் இறுக்கம் தளர்ந்ததைப் பார்த்தேன். முதல் பாட்டு. நான் உதட்டை அசைத்தேன், அவன் பாடினான். ஒரு வரி தப்பவில்லை. கைதட்டினார்கள், பின்னால் யாரோ விசிலும் அடித்தார்கள். இனி என்ன, முடிந்துவிட்டது மாதிரிதான் என்று நினைத்தேன். அவன் குனிந்து கிட்டார் தந்தியை முறுக்கியது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஒன்றுமே ஞாபகம் இல்லை.

கைதட்டல் சத்தத்தில்தான் கண் விழித்தேன். மேடையில் யாரோ ஒரு பெண் மத்தளத்தைச் சரி செய்துகொண்டிருந்தாள். கேக்கம்மா என் தோளில் எச்சில் வடித்துக்கொண்டிருந்தாள். ஹாரன் மல்லாந்து கிடந்தான். தம்பியைக் காணோம். ஆனால் கைதட்டுகிறார்களே, நல்லபடியாகத்தானே முடித்திருப்பான்? எழுந்து நின்று எல்லோரையும் விட பலமாகத் தட்டினேன். என் முகத்தில் புல் ஒட்டியிருந்ததைக்கூட அப்புறம்தான் பார்த்தேன்.

மேடைக்குப் பின்னால் ஓடினேன். அவன் கிட்டாரைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். நான் தூங்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. காலையில் பேசிய பேச்சு தடுத்தது.

"கலக்கிட்டடா! அதுவும் அந்த மூணாவது பாட்டு இருக்கே, மழைப் பாட்டு, உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மழைப் பாட்டா?"

"ஆமா! பக்கத்துல இருந்த ஒருத்தி கண்ணைத் தொடைச்சுக்கிட்டா தெரியுமா?"

"அப்படியா? சரிக்கா" என்றான். பையின் ஜிப்பை இழுத்து மூடினான். "தலை வலிக்குது, கொஞ்சம் நடந்துட்டு வரேன்."

பாடிய களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். தப்பித்தோம் என்றும் நினைத்தேன், பொய் சொல்வானேன். கூடாரத்துக்குத் திரும்பினால், அடுப்பண்ணன் பாதி ரொட்டியைக் கையில் வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வேகவே இல்ல, இதுக்கு ஒரு கடை" என்றவர், என்னைக் கண்டதும் குரலை இறக்கினார். "பாவம்மா உன் தம்பி. ரெண்டாவது பாட்டுல ரெண்டு வரிதான். அப்படியே நின்னுட்டான். எவ்வளவு நேரம் நின்னான்! உன் பக்கமே பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம் ஒரு கும்பிடு போட்டுட்டு இறங்கிட்டான். ஜனம் இரக்கப்பட்டு கை தட்டுச்சு. நான் கூட்டத்தத் தாண்டி வரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. நீ முன்னாடிதானே இருந்த? என்ன ஆச்சு?"

பாடாத பாட்டைப் பாராட்டியிருக்கிறேன். அதுவும் உடம்பு சிலிர்த்ததாம். எவளோ கண்ணைத் துடைத்தாளாம். அவன் அதையும் கேட்டுக்கொண்டு "சரிக்கா" என்று சொல்லியிருக்கிறான். என் காது மடல் வரை எரிந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. கேக்கம்மா விஷயம் கேட்டு, "ஐயோ, நாங்களும் தூங்கிட்டோமேடி" என்று அழ ஆரம்பித்தாள். அவள் அழலாம், அவள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

அவனைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், காலில் விழச் சொன்னாலும் விழுந்துவிட வேண்டும். நடந்த வழியெல்லாம் வார்த்தைகளைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொண்டு போனேன். வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், எங்கள் ரொட்டி வண்டியின் படியில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தான். ஆச்சரியம், சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"இதோ வந்துட்டா, பேசு" என்று போனை நீட்டினான். "அம்மா."

முழங்கால் ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறாள் அம்மா. காதில் வைத்ததும் அவள் குரல் துள்ளியது.

"ஏண்டி கும்பகர்ணி! தூங்கிட்டியாமே?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்றுதான் நினைத்தேன். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டது.

"ஆமாம்மா, பாவி நான் தூங்கிட்டேன். என்னாலதாம்மா அவன் ரெண்டாவது பாட்டுல வார்த்தை வராம நின்னுட்டான். அவ்வளவு பேரு முன்னாடி அவனுக்கு அவமானம் ஆயிடுச்சும்மா. அவன் மேல தப்பே இல்ல, எல்லாம் என்னாலதான். பேப்பர் எழுதிக்கறேன்னான், நான்தான் வேண்டாம்னேன்."

சொல்லச் சொல்ல மனசு லேசானது. அழுகைகூட வந்தது.

"என்னடி சொல்ற?" என்றாள் அம்மா மெதுவாக. "நீ தூங்கிட்ட, ஆனா நாலு பாட்டையும் தனியாவே பாடி முடிச்சேன்னு இப்பத்தானே சொன்னான்? பக்கத்து வீட்டுக்காரியக் கூப்பிட்டுச் சொல்லிட்டு இருக்கேன், என் பையன் தனியாப் பாடிட்டான்னு."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினான். போனைக் கொடுத்தேன்.

"அக்கா சொல்றதுதான் நிஜம்மா" என்றான்.

அம்மாவின் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது. "அதான் நான் அப்பவே சொன்னேன், அவ இல்லாம உன்னால முடியாதுன்னு. சொன்னேனா இல்லையா?"

"ம்" என்றான்.

"இனிமேலாவது அவளை விட்டுட்டு எங்கயும் நிக்காத."

"ம்" என்றான்.