அப்பாவின் மூக்கும் மற்றதும்

மூக்கு முதல் மூளை வரை தங்கள் குடும்பத்தில் எல்லாமே அப்பா வழியில் வந்தது, அம்மா வழியில் வந்தது முன்கோபம் மட்டுமே என்பது தையல்காரரின் அசைக்க முடியாத கொள்கை. மார்பகப் புற்றுநோய் வந்து தேறிய தங்கை, அது பரம்பரைக் கோளாறா என்று பார்க்க ரத்தம் கொடுத்தபோது அவர் சிரித்தார்.

"ரத்தத்தைக் குடுத்துட்டுப் பயத்தை வாங்கிட்டு வர்றியாக்கும்? இதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம். என்னை இழுக்காதே."

முடிவு வந்தது. "அண்ணே, மரபணுவுல கோளாறு இருக்காம். அத்தைக்கும் இதே நோய்தானே? அப்பா வழியாத்தான் வந்திருக்கும்னு டாக்டர் சொல்றாங்க. உனக்கும் இருக்கலாம். உன் பொண்ணுக்கும் போயிருக்கலாம்."

அந்தப் பெண் அப்போது அச்சு அசல் அப்பாவின் மூக்கோடு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பரிசோதனைக்கூடத்தில், ஊசியால் பிழைக்கும் தையல்காரர் சட்டைக் கையை மடித்து நீட்டிவிட்டு, ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.