வார்னிஷ் போடக் கூடாத படம்

காலை பத்தரை மணிக்குத் தூரிகையைக் கழுவிக்கொண்டே மேசையைத் திரும்பிப் பார்த்தேன். ஈரம் மினுங்க அங்கே கிடந்தது ஒரு கியூபிசப் படம். அதற்கு வார்னிஷ் பூசியவள் நான்தான்.

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து பழுது பார்ப்பது என் வேலை. பதினான்கு வருஷ அனுபவம், அதிலொன்றும் குறைச்சலில்லை. மேலே நாளைக்குத் திறக்கப்போகும் கண்காட்சியில் அறைக்கு ஒரு காலம். மறுமலர்ச்சி, பரோக், ரொமான்டிக் என்று நடந்து வந்தால், இம்ப்ரஷனிசமும் கியூபிசமும் தாண்டி, கோடும் நிறமும் மட்டுமே மிஞ்சிய அரூப ஓவியங்களில் போய் முடியும். முதல் மூன்று அறைப் படங்களுக்கும் இரண்டு வாரமாக வார்னிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். கும்மிருட்டில் மெழுகுவர்த்தி வெளிச்சம் பட்டு முகம் மட்டும் தெரியும் அந்த பரோக் படங்களுக்கு வார்னிஷ்தான் உயிர். அது இல்லாவிட்டால் இருட்டெல்லாம் வெறும் கரி.

கியூபிசக்காரர்கள் சமாசாரம் வேறு. ஒரு கிடாரையும் ஒரு குடுவையையும் நாலு பக்கமிருந்தும் பார்த்து, துண்டு துண்டாக்கி, ஒரே கேன்வாஸில் அடுக்கி வைப்பார்கள். பளபளப்பு அவர்களில் பலருக்கு ஆகாது. சுண்ணாம்புச் சுவர் மாதிரி மங்கலாக இருக்க வேண்டும். இந்த ஓவியர் வண்ணத்தில் மணலைக்கூடக் கலந்திருந்தார். அதில் வார்னிஷ் பட்டால் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும், எடுக்கப் போனால் வண்ணமும் சேர்ந்து வரும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும் இது. எனக்கும் தெரியும். கை மட்டும் பழக்கதோஷத்தில் போய்விட்டது, பாழாய்ப்போன கை.

படத்தை நிமிர்த்தி, பின்னால் அடித்திருந்த அட்டையை நெம்பினேன். கேன்வாஸின் பின்பக்கத்தில் ‘வார்னிஷ் வேண்டாம்’ என்று ஓவியரே எழுதி வைத்திருந்தார். அட்டையை முதலிலேயே கழற்றிப் பார்த்திருக்க வேண்டியவள் நான். திறப்பு விழா அவசரத்தில் பார்க்கவில்லை.

“அண்ணே, இங்க கொஞ்சம் வாங்க.”

பக்கத்து மேசையில் படங்களுக்குச் சட்டம் போடுகிறவர் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

“என்ன தங்கச்சி, பளபளன்னு இருக்கு?”

“வார்னிஷ் போட்டுட்டேன்.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு கேட்டா என்னத்தச் சொல்றது? கை போட்டுச்சு, நான் வேடிக்கை பாத்துட்டிருந்தேன்.”

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “வாயத் தொறக்காத. இந்தப் படத்துல எது மேல எது கீழன்னே பாதிப் பேருக்குத் தெரியாது. பளபளப்பையா கண்டுபிடிக்கப் போறாங்க?”

“மூணு மணிக்கு இத வரைஞ்சவரோட பொண்ணு வராங்கண்ணே. படத்தக் குடுத்ததே அவங்கதான்.”

“அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாதாம். லைட்டக் கொறச்சு மாட்டிடுறேன். வேல போச்சுன்னா வீட்டுக்கு என்ன பண்ணுவ?”

வீட்டில் வருமானம் என்னுடையது ஒன்றுதான். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அப்படியே மூடினேன். யார் படியிறங்கினாலும் அருங்காட்சியகத்தின் டைரக்டர் அம்மாதான் என்று எழுந்து நின்றேன்.

மூன்று மணிக்கு டைரக்டர் அம்மாவின் தோளைப் பிடித்தபடி ஓவியரின் மகள் வந்தார். எண்பது வயதிருக்கும். படம் அதற்குள் மேலே அறைக்குப் போயிருந்தது. ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோய் நின்றார். சுவரோடு சாய்ந்து நின்றேன்.

“லைட்டக் கொஞ்சம் கூட்டுங்க,” என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் கூட்டினார்.

“எங்க வீட்டு ஹால்ல இருந்தப்ப இது எனக்கு ஒரே சாம்பலாத்தான் தெரியும். இப்ப கிடார் தெரியுது. இதோ, குடுவையோட கழுத்து. யாரும்மா இப்படிப் பண்ணினது?”

டைரக்டர் அம்மா என்னை முன்னால் தள்ளினார். எந்தக் கால ஓவியத்துக்கும் பணம் திரட்டத் தெரிந்தவர், வார்னிஷ் பற்றி அறியாதவர். ஓவியரின் மகள் என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டார். பிழைத்தேன் என்று நினைத்தேன். வெட்கமே இல்லாமல் அப்படித்தான் நினைத்தேன்.

“வீட்டுல இன்னும் நாலு இருக்கும்மா. அப்பா கடைசி வருஷம் வரைஞ்சது. அதையும் இதே மாதிரி பண்ணிக் குடுத்துடு. கண்ணு முழுசாப் போறதுக்குள்ள ஒரு தடவ பாத்துடுறேன்.”

“திங்கக்கிழமையே வண்டி அனுப்புறோம்மா,” என்றார் டைரக்டர் அம்மா.

பயம் அப்போதுதான் முழுதாக வந்தது. காலையில் வந்ததெல்லாம் ஒன்றுமேயில்லை. அண்ணன் அவருக்குப் பின்னாலிருந்து, சொல்ல வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினார். கை தவறிச் செய்தது ஒன்று. இனி நாலையும் தெரிந்தே செய்ய வேண்டும், செய்துவிட்டு நன்றியும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

“அம்மா,” என்றேன். ஓவியரின் மகள் பக்கம் திரும்பி மறுபடி சொன்னேன். “அம்மா, இது நான் கவனிக்காமப் பண்ணின தப்பு. இதுக்கு வார்னிஷ் போடக் கூடாது. உங்கப்பாவே பின்னாடி எழுதி வெச்சிருக்காரு. அவரு வேணும்னேதான் மங்கலா விட்டிருக்காரு.”

டைரக்டர் அம்மா என் பேரைச் சொல்லி அதட்டினார். ஓவியரின் மகள் அதைக் காதில் வாங்கவில்லை.

“எடுத்துட முடியுமா?”

“முடியாதுங்க. எடுத்தா படமும் போயிடும்.”

அவர் படத்தின் பக்கம் திரும்பினார். என் கையை மட்டும் விடவில்லை.

“அப்ப இவ்வளவு நேரம் நான் பாத்து சந்தோஷப்பட்டது எங்கப்பா படம் இல்லையாம்மா?”

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இல்லைங்கம்மா,” என்றேன்.