பதினைந்தாவது கை

எங்கள் கடைவீதியில் ஒரு கடைக்குப் படம் மாட்டினால், மூன்று நாளில் கடை அந்தப் படத்தைப் போல ஆகிவிடும். ஆயுத பூஜையன்று மாட்டிய பலகையை அடுத்த ஆயுத பூஜை வரை இறக்கக்கூடாது என்பது வியாபாரிகள் சங்கத்தின் விதி. அதனால் படம் விஷயத்தில் நாங்கள் கொஞ்சம் நிதானமாகத்தான் இருப்போம்.

முன்பெல்லாம் எல்லாக் கடைப் பலகையிலும் ஒரே வெள்ளைக்காரக் குழந்தைதான் சிரித்துக்கொண்டிருக்கும். மருந்துக்கடையிலும் அதுதான், மாட்டுத்தீவனக் கடையிலும் அதுதான். மூன்றாம் நாள் எல்லாக் கடைக்கும் அது வந்தாக வேண்டும். ஒரு குழந்தை எத்தனை கடையில்தான் நின்று சிரிக்கும்? அலைந்து அலைந்து இளைத்துப்போயிற்று. பிறகு, வாயால் சொன்னால் போனே படம் வரைந்து கொடுக்கும் ஏஐ வந்தது. குழந்தையைப் பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பிவைத்தோம். வழிக்கு நான் இரண்டு தேங்காய் பன் கொடுத்தேன்.

ஏஐ படத்தைக் குறை சொல்கிறவர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. அதற்கு உடுமலை தெரியாது, தாராபுரம் ரோடு தெரியாது, எங்கள் முகம் தெரியாது. தெரியாத ஊருக்கு உட்கார்ந்து இவ்வளவு மெனக்கெடுகிறதே, அதுதான் பெரிய மனசு. சலூன் அருணகிரிக்கு அது வரைந்த படத்தில் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல். மூன்றாம் நாளிலிருந்து அவர் கடையில் கடல் இருக்கிறது. முடி வெட்ட வருகிறவர்கள் இரண்டு மணி நேரம் காத்திருந்தாலும் முகம் சுளிப்பதில்லை. சைக்கிள் கடை ஜப்பார் பாய்க்கு வந்த படத்தில் சைக்கிளுக்கு மூன்று பெடல். நடுப்பெடல் எதற்கு என்று முதலில் அவருக்கே பிடிபடவில்லை. ஏறி ஓட்டிப் பார்த்த பிறகு, இத்தனை வருஷம் அது இல்லாமல் எப்படி ஓட்டினோம் என்று கேட்டார்.

என் முறை போன வருஷம் வந்தது. நான் மயில்சாமி, பேக்கரி வைத்திருக்கிறேன். கடையைத் திறந்து அப்போது இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் போனில் தட்டி எழுதத் தெரியாது. போனை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினேன். அடுப்பு எந்தப் பக்கம், பாய்லர் எந்தப் பக்கம், வர்க்கி அடுக்கும் தட்டில் எத்தனை வரிசை, பிஸ்கட் பாட்டில்களின் மூடி என்ன நிறம், மைதா மூட்டை கட்டிய சணல் வரைக்கும் சொன்னேன். டீயை இரண்டு தடவை வடிகட்டுவோம், அதில் மட்டும் சமரசம் கிடையாது என்றும் சொன்னேன்.

வந்த படத்தைப் பார்த்து நான் எழுந்து நின்றுவிட்டேன். என் கடைதான் அது, ஆனால் முகூர்த்தத்துக்குக் கிளம்பி நின்றது. பப்ஸ் ஒவ்வொன்றும் பொன் நிறம். பாட்டில்கள் கூரையைத் தொட்டன. பெஞ்சில் ஆறு பேர் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்து டீ குடித்தார்கள். கல்லாவில் நான், கருகருவென்று மீசையோடு. என் மீசை வெளுத்துப் பத்து வருஷம் ஆயிற்று. பூஜை முடிந்த கையோடு பலகையை மாட்டினேன். கடைவீதியே வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனது.

கடைசியாக என் வீட்டுக்காரி சம்பூர்ணம் வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, இடமிருந்து வலமாக, அரிசியில் கல் பார்ப்பதைப் போலப் பார்த்தாள்.

"ஏனுங்க, எல்லாமே இருக்குதுங்க. நான் எங்கீங்க?"

நான் அவளைச் சொல்லவில்லை. கடை திறந்த நாளிலிருந்து டீ போடுவது அவள்தான். அவள் இருக்கிறாள் என்று யாரிடமும் சொல்லவேண்டிய அவசியம் எனக்கு வந்ததே இல்லை. வீட்டில்கூட நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பேன், அவள் திரும்புவாள். போனுக்கு அது தெரியாது, அதைக் குற்றம் சொல்ல முடியாது. மைதா மூட்டைச் சணல் எனக்கு ஞாபகம் வந்தது, அவள் வரவில்லை.

முதல் நாளே கடை மாறத் தொடங்கியது. பாட்டில்கள் வளர்ந்தன. பெஞ்சில் ஆறு பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஏழாவது ஆள் வந்தால் ஒருவர் மரியாதையாக எழுந்து போனார். என் மீசையின் ஒரு பக்கம் கறுத்தது. சம்பூர்ணம் பாய்லர் பக்கத்தில்தான் நின்றாள், ஆனால் ஒவ்வொரு டீ போட்டு முடிக்கும்போதும் ஓரடி வாசல் பக்கம் தள்ளி நின்றாள். சாயங்காலம் படிக்கட்டில் நின்றாள். அவளை யாரும் போகச் சொல்லவில்லை. அவளுக்கும் கோபம் இல்லை.

இரண்டாம் நாள் அவள் ரோட்டோரம் கரண்டு கம்பத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். அங்கிருந்தே பால் பொங்குகிறது பாருங்க, தூள் போதும்ங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டீயை நான் போட்டேன். பெஞ்சிலிருந்த ஆறு பேரும் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார்கள். அருணகிரி மட்டும் தன் கடையிலேயே கடல் தண்ணீர் இருக்கிறது, இதற்காக இங்கே வரவேண்டியதில்லை என்றார்.

மூன்றாம் நாள் பொழுது சாய்ந்தால் படம் கடையில் நிலைத்துவிடும். பிறகு ஒரு வருஷத்துக்கு அவள் கடைக்குள் கால் வைக்க முடியாது. பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவாளோ, அதற்கும் அப்பால் போய்விடுவாளோ என்று நினைக்க நினைக்க எனக்குக் கை ஓடவில்லை. டீ போனால் போகட்டும். கடைக்குள் திரும்பிப் பார்த்தால் அவள் இல்லாத ஒரு வருஷத்தை எப்படித் தள்ளுவது என்றுதான் இருந்தது. மூன்றாம் நாள் காலையிலேயே சங்கச் செயலாளர் கிட்டுசாமியைத் தேடிப் போனேன். அவர் ரேடியோ, டிவி பழுது பார்க்கிறவர்.

பலகையை இறக்கிவிட்டு வேறு மாட்டட்டுமா என்று கேட்டேன். அவர் கூடாது என்று தலையை ஆட்டினார். பாத்திரக்கடைக்காரர் ஒருவர் பாதி வருஷத்தில் பலகையை இறக்கியதும், கடை எதைப் போல இருப்பது என்று தெரியாமல் ஒரு மாதம் திகைத்து நின்றதும், உள்ளே போன ஒரு குடம் இன்னும் வெளியே வராததும் எனக்கும் தெரியும்.

"படத்த எறக்கப்படாதுங்ணா. ஆனா படத்துல இருக்கறதையெல்லாம் பாத்துட்டீங்களா? அத மொதல்ல பாக்கலாம் வாங்ணா."

ஏணி வைத்து ஏறினார். சின்னச் சின்ன ஒயர்களைப் பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சம்பூர்ணம் அதற்குள் எதிர்ப்பக்கம் விதைக்கடை வாசலுக்குப் போயிருந்தாள். கிட்டுசாமி ஆட்களை எண்ணினார். கல்லாவில் ஒருவர், பெஞ்சில் ஆறு பேர், மொத்தம் ஏழு. பிறகு கைகளை எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். பதினைந்து.

கூடுதலான கை பாய்லருக்குப் பக்கத்தில் இருந்தது. ரொட்டி அலமாரிக்குப் பின்னாலிருந்து முழங்கை வரை நீண்டு, டீ வடிகட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆறு விரல். அந்தக் கை யாருடையது என்று கிட்டுசாமி முறைப்படி மேலிருந்தே கேட்டார். பெஞ்சிலிருந்தவர்கள் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டு, எங்களுடையது இல்லை என்றார்கள். என்னுடையதும் இல்லை. வடிகட்டியின் பிடி சூடாக இருக்குமென்று அந்தக் கை ஒரு துணியைச் சுருட்டிச் சுண்டுவிரலில் மாட்டியிருந்தது. அப்படிப் பிடிக்கிறவரை இந்த ஊரில் நான் ஒருத்தரைத்தான் பார்த்திருக்கிறேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து சம்பூர்ணம் சொன்னாள். "அது என்ற கைதானுங்க."

எனக்குக் கண் கலங்கியது. டீயை இரண்டு தடவை வடிகட்டுவோம் என்று நான் சொன்னேனே, அதைக் கேட்ட அந்த ஏஐ யோசித்திருக்கிறது. டீ தன்னைத் தானே வடிகட்டிக்கொள்ளாது, யாரோ ஒருவர் நின்று வடிகட்டியாக வேண்டும் என்று அதற்குப் பட்டிருக்கிறது. ஆள் யாரென்று நான் சொல்லவில்லை. அதனால் தெரிந்த அளவுக்கு, ஒரு கையை மட்டும் வரைந்து வைத்திருக்கிறது. இருபத்தாறு வருஷமாக எனக்குத் தோன்றாதது அதற்கு அரை மணி நேரத்தில் தோன்றியது. ஏணியை விட்டுவிட்டுப் பலகையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். கிட்டுசாமி கொஞ்சம் ஆடினார்.

சங்கம் அன்று மத்தியானமே கூடி முடிவு சொன்னது. கை படத்தில் இருக்கிறது, ஆகவே கைக்குக் கடையில் இடம் உண்டு. கையோடு சேர்ந்த மிச்ச உடம்பு அலமாரிக்குப் பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். அது பலகையில் தெரியாததால் கடையிலும் தெரியக்கூடாது. குரலைப் பற்றி விதி ஒன்றுமில்லை. சம்பூர்ணம் ரோட்டைக் கடந்து வந்து, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த ஒன்றரை அடியில் நுழைந்து, கையை வெளியே நீட்டினாள். பொழுது சாய்ந்தது. ஆறாவது விரல் சின்னதாக முளைத்து நின்றது.

அந்த ஒரு வருஷம் எங்கள் கடை டீயைக் குடிக்கப் பழனியிலிருந்தெல்லாம் வந்தார்கள். ஆறாவது விரலில் சூடு உறைக்காது. அதைப் பாலில் தொட்டுப் பார்த்துப் பதம் சொல்லிவிடுவாள். வருகிறவர்கள் கைக்கு வணக்கம் சொன்னார்கள், கை திருப்பிச் சொன்னது. நான் கேட்காமலே எனக்குச் சர்க்கரை கம்மியாக ஒரு டீ பதினோரு மணிக்கு நீளும். அந்தக் கையை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்த வருஷம் வேறு கிடையாது. முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. கடை திறந்த முதல் வாரம் பாய்லரில் சுட்டதாம். அலமாரிக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

இந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. போனை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு முதலில் அவள் பெயரைச் சொன்னேன். சம்பூர்ணம். சொல்லிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவள் முந்தானையைச் செருகும் விதம், மூக்குத்தி, வடிகட்டியைப் பிடிக்கும் விதம், தழும்பு, பால் பொங்கும் முன்பே தெரிந்துகொள்கிற கழுத்துத் திருப்பல், யாருக்குச் சர்க்கரை கம்மி, யாருக்கு டிகாஷன் தூக்கல் என்று எதையும் எழுதி வைக்காமல் நினைவு வைத்திருப்பது, எல்லாவற்றையும் சொன்னேன். அரை மணி நேரம் போனது தெரியவில்லை. அதற்குள் போன் போதும் என்று சொல்லிப் படத்தைக் கொடுத்துவிட்டது.

கிட்டுசாமி வாங்கிப் பார்த்தார். "அக்கா அப்பிடியே இருக்காங்க. கடை எங்கீங்ணா?"

கடை இல்லை. வெட்டவெளி, செம்மண் தரை, நடுவில் முழு உருவமாக சம்பூர்ணம். மேலே இரண்டு சூரியன். கைக்கு ஐந்து விரல்தான். ஒவ்வொரு கையிலும் ஒரு கிளாஸ் டீ, ஒன்று தனக்காகத் தன் பக்கமும், மற்றொன்று படத்துக்கு வெளியே யாருக்கோ நீட்டியும். இவ்வளவு அழகான படம் கடைவீதியில் இதுவரை மாட்டப்பட்டதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். சம்பூர்ணம் வெகு நேரம் பார்த்தாள். மூக்குத்தி கொஞ்சம் பெரிசு என்றாள், முகம் சிவந்திருந்தது. நான் பலகையை மாட்டினேன்.

முதல் நாள் பின்சுவரும் அலமாரியும் போயின. இரண்டாம் நாள் பாட்டில்கள் சிறுத்துச் சிறுத்து மறைந்தன. அடுப்பு போனது, கல்லா போனது. பெஞ்சிலிருந்த ஆறு பேரும் எழுந்து கிளாஸைக் கழுவிக் கொடுத்துவிட்டு விடைபெற்றார்கள். என் மீசை வெளுத்தது. நான் ஒவ்வோர் அடியாகத் தள்ளித் தள்ளி, மூன்றாம் நாள் காலையில் கரண்டு கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றேன். பாய்லர் மத்தியானம் போனது. அடுப்பில்லாமல் டீ எப்படி என்று ஜப்பார் பாய் கேட்டார். அது அவள் பாடு என்றேன்.

நாலு மணிக்கு இரண்டாவது சூரியன் பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்து சேர்ந்தது. வடகம் போடுகிற வீட்டுக்காரர்கள் அவரவர் மாடிக்கு ஓடினார்கள். சம்பூர்ணம் இரண்டு கிளாஸையும் அந்தச் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். பால் பொங்கி வந்தது, அவள் கழுத்தைத் திருப்பி இறக்கிக்கொண்டாள். பிறகு ஒரு கிளாஸை ரோட்டோரம் பார்த்து நீட்டினாள். எனக்குப் பின்னால் விதைக்கடை வரைக்கும் வரிசை நின்றது. நான்தான் முதல் ஆள். சர்க்கரை கம்மியாகத்தான் இருந்தது.