தகட்டுக்கு அடியில் இருந்த பச்சை

விஜயகுமாரி நனைத்த உப்புத்தாளால் ஜீப்பின் பானெட்டில் ஒரே இடத்தை வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேலே இருந்த நீலம் கரைந்து சிவப்பு வந்தது. அதன் கீழே சாம்பல். உலகப்போர்க் காலத்து வண்டி. போர் முடிந்த பிறகு ஆள் ஏற்றியும் மூட்டை ஏற்றியும் பிழைத்து, கைமாறும்போதெல்லாம் ஒரு பூச்சு வாங்கியிருந்தது. கடைசியில் இரும்பை ஒட்டி மங்கலாக ஒரு பச்சை தெரிந்தது.

"போதும் குமாரி. இது வெயில்ல வெளிறிப்போனது. டேஷ்போர்டுல அடிச்சிருக்கிற தகட்டக் கழட்டு," என்றார் ஷம்சுதீன்.

பர்மாவின் இன்சீன் ஊரில் அந்தப் பட்டறை தொடங்கிய நாளிலிருந்து நிறம் கலப்பவர் அவர்தான். தகட்டைக் கழற்றியதும் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய ராணுவப் பச்சை, வெயிலே படாமல், அப்படியே இருந்தது. வண்டியை வாங்கிய ஹோட்டல்காரருக்கு அதே நிறம் வேண்டும். ஹோட்டல் முகப்பில் நிறுத்தப் போகிறார். அவருடைய ஆள் மூன்று மாதிரித் தகடுகளைப் பார்த்துவிட்டு மூன்றையும் வேண்டாமென்று வைத்துவிட்டுப் போயிருந்தார். இப்படி ஷம்சுதீனுக்கு ஒருநாளும் நேர்ந்ததில்லை.

நான்காவதையும் அவர் கலந்து பூசி, ஜீப்பின் அருகே பிடித்தார். "எப்படி இருக்கு?"

"நீலமா அடிக்குது பாய். உங்களுக்குத் தெரியலையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"தெரியல. ஒரு வருஷமாவே கொஞ்சங் கொஞ்சமா மங்கிட்டு வருது. ரெண்டு கண்ணுலயும் புரையாம். ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்னாங்க. லீவு கேட்டா ஸயா ஏன்னு கேப்பாரு. தெரிஞ்சா அன்னிக்கோட வேலை போச்சு."

பட்டறை முதலாளி ஊ ச்சோ வின்னை எல்லோரும் ஸயா என்றுதான் கூப்பிடுவார்கள். விஜயகுமாரி அவருடைய அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இதுல பச்சையே ஊத்த வேணாம் பாய். காவி மஞ்சளும் கறுப்பும் போதும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"பதினோரு வருஷமா உங்க கிண்ணத்தக் கழுவுறேன். கறுப்புக் கலக்கின குச்சிய மஞ்சள்ல விட்டா இந்த நிறந்தான் நிக்கும்."

அவர் எழுந்து தன் முக்காலியை அவளுக்கு விட்டார். அவள் மஞ்சளில் சொட்டுச் சொட்டாகக் கறுப்பை விட்டுக் கலக்கினாள். கடைசியில் கொஞ்சம் வெள்ளை. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம் என்பதால் தகட்டை வாசலில் வெயிலில் வைத்துக் காத்திருந்தார்கள். இரண்டு முறை தவறியது. மூன்றாவதை டேஷ்போர்டில் வைத்தபோது தகடு எங்கே முடிகிறது என்பதே தெரியவில்லை.

ஊ ச்சோ வின் வந்து பார்த்தார். ஷம்சுதீனின் தோளைத் தட்டி, "இந்தக் கை யாருக்கு வரும்!" என்று பர்மிய மொழியில் சொன்னார்.

விஜயகுமாரி குனிந்து வாளியை எடுத்தாள். பாய் உண்மையைச் சொல்லாமல் இருந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள்.

"நான் கலக்கல ஸயா. இந்தப் பொண்ணு கலந்தது. எனக்கு இப்ப நிறம் சரியாத் தெரியறதில்ல," என்றார் ஷம்சுதீன். "கலக்கிற ஆளோட சம்பளத்த அவளுக்குக் குடுங்க."

முதலாளி கோபப்படவில்லை. சிறிது நேரம் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணைக் கவனிச்சுக்கோங்க, ஷம்சுதீன் அண்ணே. சனிக்கிழமையோட நின்னுக்கலாம்," என்றார்.

அவர் போனதும் அவள் கேட்டாள். "ஏன் பாய் சொன்னீங்க?"

"நான் சொல்லலேன்னா அடுத்த வண்டிக்கும் நீ ஒளிஞ்சுதான் கலக்கணும்."

சனிக்கிழமை அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலைப் பிடிக்க நடந்தார். ஆபரேஷனுக்குப் பேர் கொடுத்திருப்பதாகவும், முறை வர நாலு மாதம் ஆகும் என்றும் அவர் மனைவி மதீனா பீவி பிறகு விஜயகுமாரியிடம் போனில் சொன்னாள்.

பச்சை ஜீப்பை லாரியில் ஏற்றிக்கொண்டு போன அன்று விஜயகுமாரி முதலாளியின் அறைக்குப் போனாள். கலக்கும் சம்பளம் எப்போதிலிருந்து என்று கேட்டாள்.

"தேய்க்கிற வேலைக்கும் நீதானே இருக்கே?" என்றார் அவர் சிரித்தபடி. "வருஷக் கடைசியில பாப்போம்."

அடுத்து ஒரு வேன் வந்து நின்றது. அவள் அதைத் தேய்த்தாள். நிறம் கலக்க முதலாளி கூப்பிட்டால் எழுந்து மேசைக்குப் போய்க் கலந்து கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து தேய்த்தாள். சாயங்காலம் பட்டறையைச் சாத்தும்போது வேனுக்கும் மேசைக்கும் நடுவே, சிமெண்டுத் தரையில் படிந்த வெள்ளைத் தூசியில், செருப்புத் தடங்கள் பாதை போட்டதுபோல் நெருக்கமாகக் கிடந்தன. எல்லாம் ஒரே ஜோடிச் செருப்பின் தடங்கள்.